கார்க் கூரையில் ஒரு துளை

எங்களிடம் 18 வருடம் இருந்த வெள்ளை அம்பாசிடரின் கூரையில், நட்டநடுவில், ஒரு துளை இருந்தது. அரை இஞ்சைவிடச் சற்றுப் பெரியது. அதில் ஒரு சாக்கெட், சாக்கெட்டின் மேல் அரை மீட்டர் பித்தளைக் கம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்காமல் போகமாட்டார். "சார், இது சிவப்பு விளக்கு போடுற ஓட்டையா?" என்பார் ஒருவர். போலீஸ் இலாகாவா என்பார் இன்னொருவர். ஹாம் ரேடியோ ஏரியல் என்று சொன்னால் "அப்படியா" என்று நகர்ந்துவிடுவார்கள்.

அந்தத் துளையைப் போடுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் வழக்கு நடந்தது. தீர்ப்பு கிடைத்த இடம் செண்பகத்தோப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

ஹாம் ரேடியோ பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கி, சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1921-ல் முதல் உரிமம் பெற்றவர் அமரேந்திர சந்திர குப்து என்ற வங்காளி. நம் மாகாணமும் பின்தங்கவில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த வருடம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பையும் ஆரம்பித்துவிட்டார். 40 வாட் கருவி. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய், 1930-லிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பியது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறப்பதற்கு முந்தைய கதை இது.

1939-ல் யுத்தம் வந்ததும் எல்லா ஹாம்களும் கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. யுத்தம் முடிந்தபின் நிலைமை தலைகீழ். ராணுவம் கழித்துக்கட்டிய வயர்லெஸ் பெட்டிகள் எடைக்கு எடை விலைக்கு வந்தன. சென்னை மூர் மார்க்கெட்டில் அவற்றைத் தோண்டியெடுத்த தலைமுறை ஒன்று உண்டு. எனக்கு முந்தைய தலைமுறை அது. நான் உள்ளே வந்தது 1984-க்குப் பிறகு, ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்த பின்னால். ராஜீவ் காந்தியே ஒரு ஹாம் என்பது அப்போது எங்களுக்கெல்லாம் பெரிய பெருமை. வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி. நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். மற்றவர்கள் மாதக்கணக்கில் மல்லாடிய மோர்ஸ் பரீட்சை எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. ஏரியல் விஷயம்தான் தண்ணி காட்டியது.

வண்டியில் ஏரியலை எங்கே வைப்பது என்பது வண்டியில் ரேடியோ வந்த நாளிலிருந்தே இருக்கும் தகராறு. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ஒரு ரேடியோ கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. அன்றைய கார்களின் கூரை நடுப்பகுதி வெறும் துணி. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை அந்தத் துணிக்கு அடியில் விரித்தால் அதுவே ஏரியல். மழையில் நனையாது, யார் கண்ணுக்கும் தெரியாது. 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழுக் கூரையையும் ஒரே எஃகுத் தகட்டில் அடித்து இறக்கியது. உருண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்று விளம்பரம். உயிருக்கு நல்லதுதான், ஆனால் ஏரியல் செத்தது. எஃகுக்கு உள்ளே அலை நுழையாதே! ஏரியலைக் கால்மிதிப் பலகைக்கு அடியில் கட்டிப் பார்த்தார்கள். சேறும் கல்லும் அடித்தன. கடைசியில் கம்பியாக வெளியே வந்து நின்றது.

ஆக, ஒரு காலத்தில் எதிரியாக வந்த எஃகுக் கூரைதான் பிற்பாடு வாகன ஏரியலுக்கு ஆகச் சிறந்த இடமாக மாறியது. வேடிக்கைதான். இதைப் புரிந்துகொள்ள நம்மூர்க் கண்மாய்க்கரைக்குப் போனால் போதும்.

கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையில் நிற்கும் பனை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். மேலே ஒரு பனை, கீழே ஒரு பனை. ஏரியல் கம்பிக்கும் அப்படித்தான். ஒழுங்கான ஏரியல் என்பது அலைநீளத்தில் பாதி. நாங்கள் உள்ளூரில் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர், பாதி 1 மீட்டர். ஆனால் பாதியில் பாதியை, அதாவது அரை மீட்டர் கம்பியை, ஒரு உலோகத் தகட்டின் மேல் நிறுத்தினால் மீதிப் பாதியைத் தகடு தன் "நிழலாக"க் கொடுத்துவிடும். தகடுதான் கண்மாய்த் தண்ணீர். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது அரை மீட்டராவது தகடு இருந்தால் நிழல் முழுதாக விழும். அம்பாசிடர் கூரையின் நடுவில் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. இதற்காகவே அந்தக் காரைச் செய்தார்களோ என்று தோன்றியது எனக்கு. வீட்டம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"புதுக் கூரையில ஓட்டை போட்டா மழைக்கு ஒழுகாதா? நாளைக்கு விக்கும்போது யார் வாங்குவா?" இரண்டும் நியாயமான கேள்விகள்.

சமாதானத்துக்கு வேறு இடங்களை யோசித்தேன். பம்பர் முதலில் தோன்றியது. நம் தலைமுறைக்குப் போலீஸ் ஜீப்பில் நீண்ட கம்பி ஆடிக்கொண்டு போவது பழகிய காட்சி. இரண்டாம் உலக யுத்தத்து வில்லிஸ் ஜீப்பின் படங்களைப் பார்த்தாலும் கம்பி பின்பக்க மூலையில்தான், சில நேரம் வில்லாக வளைத்து முன்னால் கயிற்றில் கட்டியிருக்கும். அங்கே வைத்தது இடம் நல்லது என்பதால் அல்ல. ஜீப்புக்குக் கான்வாஸ் கூரை, அதனால் வேறு வழியில்லை. மூலையில் வைத்த ஏரியல் எல்லாத் திசைக்கும் ஒரேமாதிரி பேசாது. வண்டியின் உலோகம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். பின் இடது மூலையில் வைத்தால் முன் வலது பக்கம் நன்றாகப் போகும், மற்றப் பக்கம் சுமார். போதாததற்கு அரை மீட்டர் கம்பியைப் பம்பரில் வைத்தால் கம்பி முழுக்க வண்டியின் உடம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மட்கார்டில் வைத்தால் என்ஜின் பக்கம். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறிக்கும்போதும் காதில் டக் டக் என்று விழும். டீசல்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அம்பாசிடர் கதவுக்கு மேல் ஓடும் மழைத்தண்ணீர் விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டலாம், நண்பர் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் ஒரு பக்கம் கூரை, மறுபக்கம் வெறும் காற்று. நிழல் பாதிதான் விழும்.

வெளிநாடு பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் இன்னொரு தலைவலி. அதற்குக் கால் அலைநீளமே 10 மீட்டர். ஆண்டாள் தேரில் வேண்டுமானால் வைக்கலாம். காரில் 2 மீட்டர் சொச்சம் கம்பியும், குறைச்சலுக்கு ஈடாகப் பி.வி.சி. குழாயில் சுற்றிய காயிலும்தான் சாத்தியம். காயிலைக் கம்பியின் அடியில் வைத்தால் காற்றுக்கு ஆடாது, நடுவில் வைத்தால் வேலை நன்றாக நடக்கும். எப்படிச் செய்தாலும் ஊட்டுவதில் பத்தில் ஒரு பங்கு வெளியே போனால் அதிர்ஷ்டம், மிச்சம் காயிலையும் வண்டியையும் தரையையும் சூடாக்கும். அந்த நீளத்தைக் கூரையில் நிறுத்துவது மடத்தனம். ராஜபாளையம் ரோட்டுப் புளியமரக் கிளைகள் ஒருபக்கம், தாழத் தொங்கும் மின்கம்பி இன்னொருபக்கம். மின்கம்பியில் ஏரியல் பட்டால் ஓட்டுபவர் கதை முடிந்தது. ஆகவே 7 மெகாஹெர்ட்ஸ் ஏரியல் பம்பரில், அதுவும் வண்டி நிற்கும்போது மட்டும் என்று முடிவு செய்தேன். அதில் வீட்டில் சண்டை இல்லை.

145-க்குத்தான் சண்டை. கடைசியில் ஒரு சமரசம். உடைந்த பெரிய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து வளையக் காந்தத்தை எடுத்து, அடியில் ரெக்ஸின் துணி ஒட்டி, மேலே சாக்கெட்டும் வெல்டிங் கடையில் வாங்கிய பித்தளை ராடும் பொருத்தினேன். 49 செண்டிமீட்டருக்கு வெட்டியது. துளை வேண்டாம், வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கூரையில் வைத்தால் பெயிண்ட் கீறும் என்று அதற்கும் தடை வந்தது. எனவே டிக்கியின் மேல். அங்கே கீறல் விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

டிக்கியின் மேல் வைத்தால் என்ன குறை என்று எனக்குத் தெரியும். கம்பி அரை மீட்டர், டிக்கியிலிருந்து கூரை மேடும் கிட்டத்தட்ட அவ்வளவு. முன்பக்கம் போகவேண்டிய அலைக்கு எதிரே காரின் கூடே சுவராக நிற்கும். ஊருக்குள் பேசுவதற்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். ஊருக்குள் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியிலிருந்து ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்தால் பேசலாம், தெரியாவிட்டால் பெருமாள் விட்ட வழி. 190 அடிக்கு மேல் உயரமான கோபுரம், நம் பக்கத்தில் எங்கிருந்தும் தெரியும். ஏறக்குறைய சரியான கணக்குதான், ஏனென்றால் இந்த அலைகள் பார்வை போகிற வழியில்தான் போகும்.

செண்பகத்தோப்பு அந்தக் கணக்கு தப்புகிற இடம். ஊரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டருக்குள் மலையடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, பளியர் குடியிருப்பு, அப்புறம் காடு. 1988-ல் நரை அணிலுக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. உள்ளே போனால் மீன்வெட்டிப் பாறை அருவி, காட்டழகர் கோவில். மேற்கே மலை, வடக்கே மலை. கொடைக்கானல் திசையில் ஒரு சத்தமும் கேட்காது. ஊர்ப் பக்கம் திறந்திருந்தாலும் ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் மரங்களும் கரையும் மறைத்துவிடும்.

1990-களின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். உறவுக்காரர்கள் இருபது பேர் காட்டழகரைத் தரிசிக்கக் காலையில் மேலே போனார்கள். எனக்கு முழங்கால் சரியில்லை. ஓடைக்கு இந்தப்புறம் மாந்தோப்பு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு நானும் வீட்டம்மாவும் கீழேயே இருந்தோம். நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழை உங்களுக்குத் தெரியும். கீழே வெயில் அடிக்கும், மலையில் கொட்டும். பிற்பகல் இரண்டரை மணிக்கு மலை கறுத்தது. மூன்றே காலுக்கு ஓடையில் செந்தண்ணீர் வந்தது. காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிய இடத்தில் அரை மணி நேரத்தில் ஒரு ஆள் மட்டம். இறங்கி வந்தவர்கள் அந்தக் கரையில் நின்றுவிட்டார்கள். தண்ணீர் வற்றும் என்று காத்திருக்கலாம்தான். ஆனால் அவர்களில் ஒரு ஆறு வயதுப் பையனுக்கு இழுப்பு. மழையில் நனைந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மருந்து இந்தக் கரையில், காரில் இருந்த பையில். வாலிபர்கள் இரண்டு பேர் நீந்தி வருகிறோம் என்று வேட்டியை மடித்துக் கட்டுவது தெரிந்தது. கத்தினால் கேட்காத இரைச்சல். கையைக் காட்டித் தடுத்துக்கொண்டிருந்தோம்.

செல்போன் இல்லாத காலம். என்னிடம் இருந்தது 2 வாட் கையடக்கக் கருவி. ஊரில் ஒரு ஹாம் நண்பர், பகலெல்லாம் கருவியைத் திறந்து வைத்திருப்பவர், வீட்டில் டெலிபோன் உண்டு. அவருக்குச் செய்தி போனால் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும். டிக்கி ஏரியலில் கேபிளைச் செருகி அழைத்தேன். அவர் பதில் வந்தது, ஆனால் என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. "யாரோ அழைக்கிறீர்கள், கரகரப்பு மட்டும்தான் கேட்கிறது" என்கிறார். எஃப்.எம்.மின் குணம் அது. ஒரு அளவுக்கு மேல் போனால் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, அந்த அளவுக்குக் கீழே வெறும் இரைச்சல். இடையில் ஒன்றும் கிடையாது. நாங்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தோம்.

காரின் முகம் கிழக்கே, ஊரைப் பார்த்து. ஏரியல் மேற்கே, டிக்கியில். நடுவில் காரின் கூடு. வண்டியைத் திருப்பலாம் என்றால் இரண்டு பக்கமும் வேலி, தரை முழுக்கச் சகதி. நான் யோசித்து நிற்கும்போதே வீட்டம்மா இறங்கிப்போய்க் காந்தத்தை டிக்கியிலிருந்து பிடுங்கினாள். கூரை நடுவில் வைத்தாள். ரெக்ஸின் எப்போதோ கிழிந்து போயிருந்தது. பெயிண்ட் கிரீச்சென்று கீறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "இப்பப் பேசுங்க" என்றாள்.

பேசினேன். முதல் வாக்கியத்திலேயே நண்பர் "கேட்கிறது, கேட்கிறது, சொல்லுங்கள்" என்றார். இடி இடிக்கும்போது காரில் ஏரியலை உயர்த்திப் பேசுவது செய்யக்கூடாத காரியம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், யாரும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

தீயணைப்பு வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை எனக்கு வேலை, நண்பர் வழியாக டாக்டர் ஒருவர் டெலிபோனில் சொன்னதைக் கேட்டு, அந்தக் கரைக்குச் சைகை காட்டுவது. பையனை உட்கார வை, படுக்க வைக்காதே, ஈரத்துணியை மாற்று. வந்தவர்கள் கயிறு கட்டி முதலில் மருந்துப் பையை அனுப்பினார்கள். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஒவ்வொருவராக அழைத்து வந்தார்கள். எல்லோரும் வந்து சேர ராத்திரி ஏழரை. அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறான். 2015 மே மாதம் இதே மலைத்தொடரில் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்த செய்தியைப் படித்த அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த வாலிபர்கள் வேட்டியை மடித்துக் கட்டியது கண்ணில் வந்து நின்றது.

அடுத்த வாரம் வீட்டம்மாவே கேட்டாள். "எப்ப ஓட்டை போடப் போறீங்க?"

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி இரண்டு நாள் தயங்கினார். கூரையின் உள்விளக்கைக் கழற்றி, உள்துணியைக் கிழிக்காமல் விலக்கி, அந்த வழியாகவே கேபிளைக் கொண்டுபோனோம். துளையின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தை வெளியே எடுத்தேன். சாக்கெட்டின் அடிப்பாகம் தகட்டை நேராகத் தொடவேண்டும், இல்லாவிட்டால் துளை போட்டதே வீண். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சுற்றிலும் ரப்பர் வாஷர், அதன் மேல் எம்-சீல். ஒரு மழைக்கும் ஒழுகவில்லை.

பெரிய ஆபத்துகளில் ஹாம்கள் செய்ததோடு ஒப்பிட்டால் எங்களுடையது சின்ன விஷயம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தன் குழுவோடு அந்தமானுக்குப் போய் ஹாம் நிலையம் போட்டிருந்தார். உலகத்து ஹாம்களோடு பொழுதுபோக்காகப் பேசப் போன இடம். 26-ம் தேதி சுனாமி வந்ததும் போட்டியையும் பொழுதுபோக்கையும் நிறுத்திவிட்டு, போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அந்த நாட்களில் நானும் ராத்திரி முழுக்கக் கருவியின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்பாசிடரை 2006-ல் விற்றோம். வாங்க வந்தவர் ராஜபாளையத்துக்காரர். கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு ஓட்டைக்கு 500 ரூபாய் குறைக்கச் சொன்னார். காந்தம் கீறிய கீறலுக்கு இன்னொரு 200. நான் வாயைத் திறக்குமுன் வீட்டம்மா சரியென்று சொல்லிவிட்டாள். சாக்கெட்டை மட்டும் கழற்றிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்போம் என்று நிபந்தனை போட்டவளும் அவள்தான். இப்போது அது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு குழாயின் உச்சியில் இருக்கிறது. அங்கே கூரைத் தகடு இல்லாததால் அதற்குப் பதிலாக நாலு பக்கமும் நாலு கம்பிகளைச் சரித்துக் கட்டியிருக்கிறேன். மேலே அதே 49 செண்டிமீட்டர் ராடு.